தேவனாம்பட்டினமும் புதுச்சேரியும்: கும்பினிப் போட்டி, துபாஷிகள், ஒற்றர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி வரலாற்றைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் ஆங்கிலேயர் கிளைவ் பெயரும் புதுச்சேரியின் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளே பெயரும் முதல் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். அவர்களுக்குக் காதாகவும் வாயாகவும் இருந்த நம் ஊர் ஆட்களைப் பற்றி யாரும் எளிதில் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவையும் அவற்றுக்கு என் பதில்களும் கீழே. சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு ஒரு பக்கம் வேண்டும்.

எதிரிகளான இரண்டு கும்பினிகள் (ஆங்கிலேய, பிரெஞ்சு வணிகக் கம்பெனிகள்) 22 கிலோமீட்டர் இடைவெளியில் வந்து உட்கார்ந்தது ஏன்?

துணிக்காக. இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. கப்பல்கள் ஆழக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும்; சரக்கை மசூலாப் படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எந்த ஊரில் இறங்கினாலும் அதே பாடுதான். ஆகவே கரைக்குப் பின்னால் இருக்கும் நெசவூர்களும் சாயப்பட்டறைகளும் எங்கே நெருக்கமாக இருந்தனவோ அங்கே எல்லாரும் குவிந்தார்கள். பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் அக்கம்பக்கத்து ஊர்கள் அப்படிப்பட்டவை. அவுரி நீலம் ஏற்றிய புதுச்சேரித் துணி செனகல் வரை போயிற்று.

பிரெஞ்சுக்காரர்கள் பீஜப்பூர் அதிகாரி ஷேர்கான் லோடியிடம் இடம் பெற்று 1674-இல் புதுச்சேரியில் நிலைகொண்டார்கள். ஆங்கிலேயர்கள் 1690-இல் செஞ்சியில் இருந்த மராட்டியரிடம் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கி அதற்குச் செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். டேனிஷ்காரர்கள் அதற்கெல்லாம் முன்பே, 1620-இல், தரங்கம்பாடிக்கு வந்திருந்தார்கள். டச்சுக்காரர்கள் 1693-இல் புதுச்சேரியையே பிடித்து 1699-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். மொத்தத்தில் நான்கு ஐரோப்பியக் கொடிகள், ஒரே சந்தை.

பீரங்கிக் குண்டு விழுந்த இடம் வரை ஆங்கிலேயருக்குச் சொந்தம் என்ற கதை உண்மையா?

உண்மை. கோட்டையோடு, அங்கிருந்து சுட்டால் குண்டு எட்டும் தூரம் வரையுள்ள நிலமும் சேர்த்து விற்கப்பட்டது. ஆங்கிலேயர் சும்மா இருப்பார்களா? இருப்பதிலேயே தொலைவாகச் சுடும் பீரங்கியைத் தேடிக் கொண்டுவந்து சுட்டார்கள். அந்த வட்டத்துக்குள் அகப்பட்டவற்றைக் குண்டுக் கிராமங்கள் என்றார்கள். அங்கே குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாபாரம் செய்ய வந்தவர்களுக்கு ஒற்றர்கள் எதற்கு?

வியாபாரத்துக்கே ஒற்று வேண்டியிருந்தது. ஐரோப்பாவிலிருந்து கப்பல் வந்தால் வெள்ளி வரும். வெள்ளி வந்தால் துணி விலை ஏறும். எதிர்க் கும்பினியின் கப்பல் எத்தனை வந்தது, எந்த வணிகருக்கு எவ்வளவு முன்பணம் போயிற்று என்று ஒரு நாள் முன்னால் தெரிந்துகொண்டவனுக்கு லாபம். பிறகு ஆற்காட்டு நவாப் யார் பக்கம், ஐதராபாத் நிஜாம் படை எங்கே என்பவை சேர்ந்துகொண்டன. 1740-க்குப் பிறகு இரண்டு வகைச் செய்திகளையும் பிரிக்கவே முடியாத நிலை வந்துவிட்டது.

அந்த ஒற்றர்கள் யார்? வெள்ளைக்காரர்களா?

மிகச் சிலரைத் தவிர எல்லாரும் நம்மவர்கள்தான். சினிமாவில் வருவது போல முக்காடு போட்டுக்கொண்டு இருட்டில் அலைகிற ஆளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு தேடினால் பாதிப் பேரைத் தவறவிடுவோம்.

மேல்படியில் துபாஷி. மொழிபெயர்த்துக்கொண்டு கவர்னருக்கும் ஊருக்கும் நடுவில் நிற்பவர். வணிகர்களோடு ஒப்பந்தம், வழக்கு, நவாபுக்கு அனுப்பும் வெகுமதி எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். அடுத்து வக்கீல். இன்றைய நீதிமன்ற வக்கீல் அல்ல. ஒரு தர்பாரில் தங்கித் தன் எசமானுக்காகப் பேசுபவர், பேசிக்கொண்டே அங்கே நடப்பதைக் கடிதமாக எழுதி அனுப்புபவர். அவர் ஒற்றர் என்பது அந்தத் தர்பாருக்கும் தெரியும். தெரிந்தேதான் வைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் இவர்களுடைய வக்கீலும் அங்கே இருக்கிறார். அதற்கும் கீழே அர்க்காராக்கள்: ஓடிப்போய்க் கடிதம் கொடுப்பவர்கள், வழியில் பார்த்ததையும் கேட்டதையும் வந்து சொல்பவர்கள். இவர்களைத் தவிர, இரண்டு ஊரிலும் உறவுக்காரர்களை வைத்திருந்த வணிகர்கள். அண்ணன் புதுச்சேரியில் கணக்கு எழுத, மைத்துனன் கடலூரில் துணி பேசினால், கல்யாண வீட்டில் எது ரகசியமாக இருக்கும்?

ஆனந்தரங்கப் பிள்ளை ஒற்றரா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதவிப் பெயரால் அல்ல. செய்த வேலையால், ஒற்றர்களிடமிருந்து வரும் செய்திகள் வந்து சேரும் இடமாக அவர் இருந்தார்.

1709-இல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். குடும்பம் புதுச்சேரிக்கு வந்தது உறவினர் நைனியப்பப் பிள்ளையால். பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷியாக இருந்த அந்த நைனியப்பருக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லாமல் ஆனந்தரங்கரைப் புரிந்துகொள்ள முடியாது. 1716-இல் கவர்னர் எபேர் அவரைக் கைது செய்தார். சாட்டையடி, அபராதம், சிறை. அடுத்த ஆண்டே சிறையில் இறந்தார். அவருடைய மகன் குருவப்பப் பிள்ளை கப்பலேறிப் பிரான்சுக்கே போய் முறையிட்டார். கிறிஸ்தவராகி, பிரெஞ்சு மன்னரிடம் விருதும் பெற்று, தலைமைத் துபாஷியாகத் திரும்பினார். துபாஷி பதவி எவ்வளவு உயரமோ அவ்வளவு வழுக்கல் என்பதை இந்தக் குடும்பம் முதுகில் பட்ட அடியால் அறிந்திருந்தது.

அடுத்து அந்தப் பதவியில் இருந்த கனகராய முதலியார் 1746-இல் இறந்தார். கிறிஸ்தவர் ஒருவரைத்தான் நியமிக்க வேண்டும் என்று பாதிரிமார் நெருக்கினார்கள். டூப்ளே இழுத்தடித்து, கடைசியில் 1747-இல் பிள்ளையைத் தலைமைத் துபாஷி ஆக்கினார். அதற்கு முன்பே பிள்ளைக்கு ஆற்காடு, சென்னை என்று பல இடங்களிலிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது. எந்தக் கடிதத்தை எப்போது கவர்னரிடம் படித்துக் காட்டுவது, எதை எப்படி எடுத்துச் சொல்வது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. சொந்த வியாபாரமும் உண்டு. 'ஆனந்தப்புரவி' என்று சொந்தக் கப்பலே வைத்திருந்தார்.

நள வருடம் ஆவணி மாதம், அதாவது 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி எழுதத் தொடங்கிய நாட்குறிப்பில் அவர் பிரெஞ்சுக் கொடிக்காக உருகுவதை எதிர்பார்த்துப் படித்தால் ஏமாற்றம்தான். சரக்கு விலை, கப்பல் வருகை, யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார், தன் ஜாதகம் என்ன சொல்கிறது, டூப்ளே தன்னை எப்படிப் புகழ்ந்தார் என்று போகும். கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் தற்பெருமை இருக்கிறது. கழித்துக்கொண்டு படிக்க வேண்டும். 1756-இல் பதவி பறிபோயிற்று. 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாள் முன்பு இறந்தார்.

கடலூரில் ஒற்றர்களை வைத்தே எதிரியை ஏமாற்றிய சம்பவம் என்ன?

1746 செப்டம்பரில் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்விட்டது. உள்ளூர் உடை உடுத்தித் தப்பி வந்த இளம் எழுத்தர் ராபர்ட் கிளைவ் உட்படப் பலர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு ஓடிவந்தார்கள். 1752 வரை இந்தக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் நம் தேவனாம்பட்டினம்தான். கடலூர்க்காரர்களே மறந்துவிட்ட செய்தி இது.

டூப்ளே விடவில்லை. 1746 டிசம்பரில் வந்த படையை நவாபின் மகன்கள் எதிர்பாராமல் தாக்கித் திருப்பினார்கள். அதன்பின் நவாப் அன்வருதீனோடு சமாதானம் பேசி அவரை ஒதுங்கச் செய்துவிட்டு, மறுபடியும் 1747 மார்ச்சில் படை வந்தது; ஆங்கிலக் கப்பற்படை வந்ததால் திரும்பிப் போனது. 1748 ஜூனில் இன்னொரு முயற்சி. எண்ணூறு ஐரோப்பியரும் ஆயிரம் சிப்பாய்களும் வண்டிப்பாளையத்துக் குன்றுகளுக்கு வந்து இறங்கினார்கள். குறி, கோட்டை அல்ல, கடலூர் நகரம்.

கோட்டையில் அப்போது படைத்தலைவர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஊரில் எதிரியின் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர்களைப் பிடிக்க அலையாமல், அவர்களுக்குப் பார்க்க ஒரு காட்சி ஏற்பாடு செய்தார். பட்டப்பகலில் கடலூரில் இருந்த பீரங்கிகளையும் வீரர்களையும் கோட்டைக்கு நகர்த்தினார். இந்த ஊரைக் காப்பாற்ற முடியாது என்று எல்லார் காதிலும் விழும்படி பேசினார். செய்தி பிரெஞ்சு முகாமுக்குச் சூடு ஆறாமல் போய்ச் சேர்ந்தது. பொழுது சாய்ந்ததும் அத்தனை பேரும், இன்னும் கூடுதலானவர்களும், சத்தமில்லாமல் கடலூருக்குத் திரும்பினார்கள். நள்ளிரவில் ஏணியோடு அலட்சியமாக வந்த பிரெஞ்சுப் படை மதிலில் ஏணியைச் சாய்த்த நொடியில் துப்பாக்கியும் பீரங்கியும் ஒருசேர வெடித்தன. வந்தவர்கள் ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

ஒற்றர்கள் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள்.

துரோகம் செய்து பிடிபட்டவர்களை என்ன செய்தார்கள்?

அதே 1748-இல் கோட்டையில் இரண்டு விஷயங்கள் வெளிப்பட்டதாக அக்கால ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் எழுதுகிறார். தலைச்சேரியிலிருந்து வந்த சிப்பாய்களின் தலைவர், அடுத்த சண்டையில் தன் ஆட்களோடு பிரெஞ்சுப் பக்கம் தாவத் திட்டமிட்டிருந்தார். சென்னை வீழ்வதற்கு முன் அங்கே ஆங்கிலக் கவர்னருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவர் டூப்ளேயின் மனைவியோடு ரகசியமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கடிதங்கள் இருந்த மொழி தமிழ்.

அவர்களோடு இன்னும் பத்துப் பேரையும் சேர்த்து செயின்ட் ஹெலினா தீவுக்கு நாடு கடத்தினார்கள். அட்லாண்டிக் கடலின் நடுவில், நெப்போலியன் போய்ச் சேர்வதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுக்கு முன், சோழமண்டலக் கரைக்காரர்கள் அங்கே அடைபட்டார்கள். அவர்களில் சிலர் கூடிப் பேசித் தற்கொலை செய்துகொண்டார்கள். புத்தகங்களில் இவர்களுக்கு ஒரு பத்திக்கு மேல் இடமில்லை. எனக்கு இந்தக் காலக்கட்டத்தில் மனத்தை மிகவும் உறுத்துவது இதுதான்.

டூப்ளேயின் மனைவிக்கு உண்மையிலேயே தமிழ் தெரியுமா?

தெரியும். ழான் புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். முதல் கணவர் இறந்தபின் 1741-இல் டூப்ளேயை மணந்தார். கணவருக்குத் துபாஷி இல்லாமல் ஊரோடு பேச முடியாது. இவருக்கு அந்தத் தேவை இல்லை. ஆகவே தனக்கென்று ஆட்களை வைத்துத் தனி உளவு நடத்தினார். ஆனந்தரங்கப் பிள்ளைக்கு இவரைக் கண்டால் ஆகாது. இவருடைய ஆட்கள் ஊரைத் துன்புறுத்திப் பணம் பறிப்பதாகவும், 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது அங்கே வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதற்கு இவரே தூண்டுகோல் என்றும் எழுதுகிறார். கோயில் இடிபட்டது ஐயமற்ற உண்மை. மற்றதைப் படிக்கும்போது, எழுதியவர் செய்தித் துறையில் இவருக்குப் போட்டியாளர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மொழிபெயர்ப்பவர் நினைத்தால் எவ்வளவு தூரம் போகலாம்?

பீரங்கி வாய் வரை. திருச்சிராப்பள்ளிப் போரின்போது லாரன்ஸின் முகாமில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்த பொன்னியப்பன் மைசூர்ப் படைத்தலைவரோடு ரகசியப் பேச்சு வைத்துக்கொண்டு, ஆங்கிலேயரின் திறமையான சிப்பாய்த் தலைவர் முகமது யூசுப் கான்மேல் துரோகப் பழி விழும்படி ஒரு கடிதத்தைச் சிக்கவைத்தார். விசாரணையில் குட்டு உடைந்தது. 1754-இல் அவரைப் பீரங்கி முனையில் கட்டிச் சுட்டார்கள். அன்று தப்பிய யூசுப் கானை, மருதநாயகம் என்று நாம் அறிந்த அதே மனிதரை, பத்து ஆண்டு கழித்து அதே ஆங்கிலேயரும் நவாபும் சேர்ந்து மதுரையில் தூக்கிலிட்டார்கள். மதுரைக் கோட்டையில் அவர் கடைசியாக ஏற்றியிருந்தது பிரெஞ்சுக் கொடி.

டூப்ளேயின் மிகப் பெரிய சதி எது?

ஐதராபாத் நிஜாம் நாசிர் ஜங் கொலை. கடப்பை, கர்நூல், சவனூர் நவாபுகளோடு டூப்ளே மாதக்கணக்கில் கடிதம் எழுதி வந்தார். 1750 டிசம்பரில் செஞ்சி அருகே பிரெஞ்சுப் படை முகாமைத் தாக்கியபோது அவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவர்களை அதட்டப் போன நாசிர் ஜங்கை அந்த நவாபுகளில் ஒருவரே சுட்டார். வேடிக்கை, அதே நாட்களில் நாசிர் ஜங் டூப்ளேயின் நிபந்தனைகளை ஏற்றுக் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார். அந்த ஓலை புதுச்சேரிக்கு வந்தது. படையை நிறுத்தும் செய்தி செஞ்சிக்குப் போகவில்லை. ஒரு குதிரை முந்தியிருந்தால் சதிக்கு வேலையே இருந்திருக்காது. சில வாரத்தில் அதே நவாபுகள் தாங்கள் அடுத்த நிஜாமாக ஏற்றிவைத்த முசாபர் ஜங்கோடும் மோதினார்கள், அவரும் செத்தார்.

அப்படியானால் இவர்களைத் துரோகிகள் என்று சொல்லலாமா?

யாருக்குத் துரோகம் என்று முதலில் சொல்ல வேண்டும். இங்கிலாந்துக்கா? பிரான்சுக்கா? 1748-இல் கடலூரில் இருந்த ஒரு கணக்குப்பிள்ளைக்கு இரண்டுமே கப்பலில் வந்து கப்பலில் போகிறவர்களின் ஊர். அவன் விசுவாசம் குடும்பத்துக்கு, சாதிக்கு, தன்னிடம் முன்பணம் வாங்கிய நெசவாளனிடமிருந்து துணி வர வேண்டுமே என்ற கவலைக்கு. 'இந்தியாவைக் காட்டிக் கொடுத்தவர்கள்' என்று இன்று மேடையில் முழங்குவது எளிது. அவர்கள் காட்டிக் கொடுத்ததாகச் சொல்லும் அந்த நாடு அப்போது யார் கற்பனையிலும் இல்லை.

இதையே புகழ்ச்சியாக மாற்றுவதும் எனக்கு உடன்பாடில்லை. இவர்கள் அனுப்பிய செய்தியால் கிராமங்கள் எரிந்தன. வணிகரும் துபாஷியும் போட்டியில் சம்பாதித்தார்கள். இரண்டு பக்கமும் ஓடிய அர்க்காராவும் தறியை விட்டு ஓடிய நெசவாளனும் சம்பாதிக்கவில்லை.

ஒரே சண்டைக்குப் புத்தகத்துக்குப் புத்தகம் தேதி மாறுவது ஏன்?

1752 வரை ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள், பிரெஞ்சுக்காரர் கிரிகோரியனில். 18-ஆம் நூற்றாண்டில் இடைவெளி 11 நாள். கடலூரில் ஜூன் 17 என்றால் புதுச்சேரியில் ஜூன் 28.

பிரெஞ்சுக்காரர்கள் தோற்றதற்கு ஒற்றர்கள் காரணமா?

இல்லை. கடலும் பணமும் காரணம். சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லாபூர்தொன்னே பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தர ஒப்புக்கொண்டார், டூப்ளே மறுத்தார், நடுவில் புயல் வந்து கப்பல்களை உடைத்தது. லாபூர்தொன்னேக்குப் பாரிஸ் பாஸ்டில் சிறை. டூப்ளே 1754-இல் திருப்பி அழைக்கப்பட்டார். 1758 ஜூனில் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்த பிரெஞ்சுத் தளபதி லாலிக்கு, புதுச்சேரியை இழந்த குற்றத்துக்காக 1766-இல் பாரிஸில் தலை போயிற்று. தம் ஆட்களையே இப்படி நடத்தியவர்களுக்கு எதிரியின் ஒற்றர் எதற்கு?

இன்று பார்க்க என்ன இருக்கிறது?

தேவனாம்பட்டினத்தில் அதிகமாக எதிர்பார்க்காதீர்கள். கெடிலம் கடலில் சேரும் இடத்தருகே சிதைவுகள்தான் மிச்சம். மஞ்சக்குப்பத்தில் அந்நாளைய தோட்ட மாளிகை ஆட்சியர் இல்லமாக நிற்கிறது. புதுச்சேரியில் பெரிய கடைப்பக்கம் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை இருக்கிறது. கீழே நம்மூர்ப் பாணி, மேலே பிரெஞ்சுத் தூண்கள். காந்தி வீதியில் இருப்பது பின்னர் கட்டிய வேதபுரீஸ்வரர் கோயில்.

இந்த ஒற்று வேலை 18-ஆம் நூற்றாண்டோடு முடிந்ததா?

போர் முடிந்தது, எல்லை இருந்தது. 1816-இல் புதுச்சேரி கடைசி முறையாகப் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தபோது, ஆங்கிலேய ஊர்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகத்தான் வந்தது. கடலூர்ச் சாலையில் போனால் இன்றும் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வருவது அதனால். மதுக்கடைகளின் வரிசையைப் பார்த்தே எந்த மாநிலம் என்று சொல்லிவிடலாம்.

நூறாண்டு கழித்து இந்த எல்லை தேடப்பட்டவர்களுக்குப் புகலிடமானது. 1908-இல் பாரதியார், 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். பின்னாலேயே ஆங்கிலேயரின் சி.ஐ.டி. ஆட்களும் வந்தார்கள். 1911 ஜூனில் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் கொல்லப்பட்டபின் நெருக்கடி கூடியது. ஐயர் வீட்டுக் கிணற்றில் ராஜத் துரோகத் துண்டறிக்கைகளும் காளி படமும் வைத்த பாத்திரம் ஒன்றைப் போட்டுவிட்டு, பிறகு பிரெஞ்சுப் போலீசுக்குத் துப்புக் கொடுப்பது ஒற்றர்களின் திட்டம். தண்ணீர் இறைக்கும்போது அது முன்னதாகவே வெளியே வந்துவிட்டது. என்ன செய்வது என்று அரவிந்தரைக் கேட்டார்கள். அவர் சொன்னபடி தாங்களே போலீசில் தெரிவித்தார்கள். அரவிந்தர் வீட்டைச் சோதனையிட வந்த பிரெஞ்சு நீதிபதி அங்கே கிரேக்க, லத்தீன் நூல்களைக் கண்டு அசந்து போய்த் திரும்பினார்.

பத்தாண்டு பொறுத்த பாரதியார் 1918 நவம்பர் 20-ஆம் தேதி எல்லையைக் கடந்தார். கடலூர் அருகே கைது செய்து கடலூரிலேயே சிறை வைத்தார்கள். அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர் போன்றோர் முயன்றபின், டிசம்பர் 14-ஆம் தேதி நிபந்தனைகளோடு விடுதலை ஆனார். அந்த நிபந்தனைகள் நீங்க 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.